இரு தரப்பின் இறந்தவர்களும் ஒரே கதையில்: அயர்லாந்தின் பகிர்ந்த வரலாறு, ஓர் அறிமுகம்

அயர்லாந்தின் தேசியக் கொடியில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள். பச்சை, கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக உள்ள ஐரிஷ் தேசிய மரபுக்கு. ஆரஞ்சு, புராட்டஸ்டன்ட் மரபுக்கு. 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்த ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் பெயரிலிருந்து வந்த நிறம் அது. 1848-இல் இந்தக் கொடியை ஏற்றிய தாமஸ் பிரான்சிஸ் மாஹர், நடுவில் இருக்கும் வெள்ளை இரு தரப்புக்கும் இடையிலான நிலையான சமாதானத்தைக் குறிக்கும் என்றே சொன்னார்.

ஆனால் வட அயர்லாந்தில் ஆண்டுதோறும் ஜூலை 11 இரவு புராட்டஸ்டன்ட் குடியிருப்புகளில் மூட்டப்படும் பெரிய சொக்கப்பனைகள் பலவற்றில் இந்தக் கொடியைத்தான் கட்டி எரிக்கிறார்கள். கொடியில் அவர்களுக்கென்று மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தும், அந்தக் கொடியின்கீழ் சொல்லப்பட்ட கதையில் தங்களுக்கு இடமில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அயர்லாந்தில் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பேசப்படும் ‘பகிர்ந்த வரலாறு’ என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல தொடக்கம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அயர்லாந்து ஒரே தீவு, அரசியலில் இரண்டு. தெற்கே 26 மாவட்டங்கள் கொண்ட சுதந்திரக் குடியரசு, தலைநகர் டப்ளின். வடகிழக்கே 6 மாவட்டங்கள் கொண்ட வட அயர்லாந்து, இன்றும் பிரிட்டனோடு சேர்ந்தது, தலைநகர் பெல்ஃபாஸ்ட். தீவு முழுவதும் ஒரே நாடாக வேண்டும் என்பவர்கள் தேசியவாதிகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். பிரிட்டனோடு இணைந்தே இருப்போம் என்பவர்கள் யூனியனிஸ்டுகள். பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள், அதிலும் 17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் பலர். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதில் கவனம் வேண்டும், ஏனென்றால் இந்த வரலாற்றின் சுவையான ஆட்கள் பலரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவர்கள்.

ஒரு தேசியவாதக் குடும்பத்துப் பிள்ளை கேட்டு வளரும் கதை இப்படிப் போகும்: 1169-இல் நார்மானியர் வந்து இறங்கியது, 1649-இல் இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் படை ட்ரோஹடாவில் நடத்திய படுகொலை, கத்தோலிக்கர்களை நிலத்திலிருந்தும் பதவியிலிருந்தும் விலக்கிய சட்டங்கள், 1798 கிளர்ச்சி, 1840-களின் பெரும்பஞ்சம், 1916 ஈஸ்டர் எழுச்சி, விடுதலை. யூனியனிஸ்ட் பிள்ளை கேட்பது வேறு கதை: 1641-இல் கத்தோலிக்கர்கள் கிளர்ந்து புராட்டஸ்டன்ட் குடியேறிகளைக் கொன்றது, 1689-இல் டெரி நகரம் முற்றுகையைத் தாக்குப்பிடித்தது, 1690 பாய்ன் வெற்றி, 1912-இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் திட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் உறுதிமொழியில் கையெழுத்திட்டது, 1916 ஜூலையில், முதல் உலகப் போரின்போது, பிரான்சின் சோம் போர்க்களத்தில் அல்ஸ்டர் என்ற வடக்கு மாகாணத்து மக்கள் சிந்திய ரத்தம்.

இரண்டு பட்டியலிலும் பொய் கிடையாது. எல்லாமே நடந்தவை. ஆனால் ஒவ்வொரு பட்டியலும் மற்றவர் செய்த கொடுமையையும் நம்மவர் பட்ட வேதனையையும் மட்டும் பொறுக்கி எடுத்துக் கோத்தது. பகிர்ந்த வரலாறு என்பது இந்த இரண்டையும் அழித்துவிட்டு மூன்றாவதாக ஒரு அரசாங்கக் கதை எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான் என் கதையையே சொல்லலாம், பெருமையோடும் சொல்லலாம். ஆனால் அதில் உன்னுடைய இறந்தவர்களும் வரவேண்டும், என் ஆட்கள் செய்ததும் வரவேண்டும். இவ்வளவுதான் அந்தக் கருத்து. கேட்க எளிது, செய்துபார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

அந்தக் கஷ்டத்தைப் பார்க்க 1916-ஐ எடுத்துக்கொள்வோம்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளினில் சில நூறு பேர் தலைமைத் தபால் நிலையத்தைக் கைப்பற்றி, வாசலில் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார்கள். ஆறு நாட்களில் பிரிட்டிஷ் படை எழுச்சியை அடக்கியது. அடுத்த சில நாட்களில் பேட்ரிக் பியர்ஸ், ஜேம்ஸ் கனோலி உள்ளிட்ட எழுச்சித் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கனோலி காயத்தால் எழுந்து நிற்க முடியாத நிலையில் இருந்ததால் நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். எழுச்சியின்போது அலட்சியமாகவும் கோபமாகவும் இருந்த டப்ளின் மக்களின் மனம் மாறியது இந்தத் தண்டனைகளுக்குப் பிறகுதான். ஐரிஷ் குடியரசின் பிறப்புக் கதை இது. அந்தப் பெருமையை யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

அப்புறம் அந்தக் கதையில் நெடுங்காலம் சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். எழுச்சியில் இறந்தவர்கள் 485 பேர் என்று கிளாஸ்நெவின் கல்லறைத்தோட்டத்தின் ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதிக்கும் மேல் பொதுமக்கள். சுமார் 40 பேர் சிறுவர் சிறுமியர், பெரும்பாலும் நகரின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். எழுச்சியை அடக்க வந்த சிப்பாய்களில் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் போன்ற ஐரிஷ் படைப்பிரிவினரும் இருந்தார்கள். ஊர்க்காரர்களே எதிரெதிராக நின்ற வாரம் அது.

அதே வாரத்தில் பிரான்சின் ஹுல்லூஷ் என்ற இடத்தில் ஜெர்மானியர்கள் நச்சுவாயுவைத் திறந்துவிட்டார்கள். எதிரே பதுங்குகுழியில் இருந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் 16-ஆவது ஐரிஷ் டிவிஷன். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், தேசியவாதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். சில நாட்கள் கழித்து எதிர்வரிசையில் ஜெர்மானியர்கள் ஒரு தட்டி வைத்தார்கள்: அயர்லாந்தில் பெரும் கலவரம், ஆங்கிலேயப் பீரங்கிகள் உங்கள் மனைவி மக்களைச் சுடுகின்றன என்று. அந்தச் சிப்பாய்களின் மனநிலையை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் பலர் படையில் சேர்ந்ததே, போரில் பிரிட்டனுக்குத் துணை நின்றால் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கிடைக்கும் என்று தேசியத் தலைவர் ஜான் ரெட்மண்ட் கேட்டுக்கொண்டதால்தான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். 36-ஆவது அல்ஸ்டர் டிவிஷன் தீப்வால் பக்கம் முன்னேறியது. இவர்கள் புராட்டஸ்டன்டுகள், யூனியனிஸ்டுகள். பழைய நாட்காட்டிப்படி பாய்ன் போர் நடந்ததும் ஜூலை 1-ஆம் தேதிதான். அது அந்தச் சிப்பாய்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு நாட்களில் 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெல்ஃபாஸ்டின் தெருக்களில் வீட்டுக்கு வீடு இழவு. யூனியனிஸ்டுகளுக்கு இது வட அயர்லாந்தின் ரத்த சாசனம்.

ஆக ஒரே ஆண்டில் இரண்டு தியாகம், இரண்டு தேசம். நடுவில் 16-ஆவது டிவிஷன்காரர்கள் எந்தக் கதையிலும் சேராமல் நின்றார்கள். போருக்குப் போகும்போது கைதட்டி வழியனுப்பிய நாடு, அவர்கள் திரும்பியபோது மாறிப்போயிருந்தது. பிரிட்டிஷ் சீருடையில் இறந்த மகனின் படத்தைச் சுவரில் மாட்டுவதற்கே தெற்கே பல குடும்பங்கள் தயங்கின. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் ஐலண்ட்பிரிட்ஜ் என்ற இடத்தில் அவர்களுக்கென்று அழகான நினைவுத் தோட்டம் ஒன்று 1930-களில் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், டெல்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே ஆள். பிற்காலத்தில் கவனிப்பாரற்றுச் சிதிலமடைந்த அதை 1988-இல்தான் சீர்செய்தார்கள்.

இந்த இரட்டை மறதிக்குள் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றும் மனிதர் வில்லி ரெட்மண்ட், ஜான் ரெட்மண்டின் தம்பி. இளமையில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். கிழக்கு கிளேர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 50 வயதைத் தாண்டிய பிறகு, இளைஞர்களைப் போகச் சொல்லிவிட்டு நாம் வீட்டில் இருப்பதா என்று படையில் சேர்ந்தார். 1917 ஜூன் 7, பெல்ஜியத்தின் மெசீன் போர். 16-ஆவது ஐரிஷ் டிவிஷனும் 36-ஆவது அல்ஸ்டர் டிவிஷனும் அருகருகே நின்று முன்னேறிய நாள். 56 வயது வில்லி ரெட்மண்ட், வேண்டிக் கேட்டு முன்வரிசையோடு போனார். குண்டடிபட்டு விழுந்தார். அவரைத் தூக்கிச் சென்றவர்கள் அல்ஸ்டர் டிவிஷனைச் சேர்ந்தவர்கள், அதாவது அவருடைய அரசியலை வாழ்நாளெல்லாம் எதிர்த்த தரப்பினர். அன்றே இறந்தார். லோக்கர் கிராமத்தில் ஒரு கன்னியர் மடத் தோட்டத்தில் புதைத்தார்கள். ராணுவக் கல்லறை வரிசைக்கு வெளியே, இன்றும் தனியாக இருக்கிறது அந்தக் கல்லறை.

காலியான தொகுதிக்கு ஜூலையில் இடைத்தேர்தல். ஈஸ்டர் எழுச்சியில் தளபதியாக இருந்து, சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த ஈமன் டி வலேரா பெரும் வித்தியாசத்தில் வென்றார். ரெட்மண்ட் நம்பிய அயர்லாந்து அந்த இடைத்தேர்தலோடு முடிந்தது என்றே சொல்லலாம். 2013-இல் ஐரிஷ் பிரதமர் எண்டா கென்னியும் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும் சேர்ந்து அந்தக் கல்லறைக்குப் போனார்கள். மெசீனில் 1998 நவம்பர் 11 அன்று, தீவின் இரு தரப்புப் படையினருக்கும் பொதுவான நினைவாக, பழங்கால ஐரிஷ் பாணியில் உயர்ந்த வட்டக் கோபுரம் ஒன்று திறக்கப்பட்டது. ஐரிஷ் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸும் இரண்டாம் எலிசபெத் ராணியும் சேர்ந்து நின்றார்கள். கோபுரத்துக்கான கற்களில் ஒரு பகுதி டிப்பரரியில் இருந்த பழைய பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பிலிருந்தும், ஒரு பகுதி முல்லிங்கர் அருகே ஏழைகளை அடைத்துவைத்த காப்பகக் கட்டடத்திலிருந்தும் வந்தவை.

இங்கே ஒரு சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். இப்படியெல்லாம் ‘இரு தரப்பும்’ என்று சொல்லிச் சொல்லி, ஆட்சி செய்தவனையும் ஆளப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதா? கூடாது. சமநிலை என்பதற்குச் சரிபாதி என்று அர்த்தமில்லை. பெரும்பஞ்சத்தைப் பாருங்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைப் பூஞ்சை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841-இல் 82 லட்சம் அளவில் இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சம் அளவுக்கு இறங்கியது. நோய் இயற்கையாக வந்தது. ஆனால் தானியமும் கால்நடையும் தொடர்ந்து ஏற்றுமதியானது, நிவாரணத்தைக் கஞ்சத்தனமாக அளந்து கொடுத்தது, வாடகை கட்டாதவர்களைக் குடிசையிலிருந்து வெளியேற்றியது, இவையெல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். இதற்கு ‘மறுபக்கம்’ தேடுவது நியாயமில்லை.

பகிர்ந்த பார்வை இங்கே செய்வது வேறு வேலை. பஞ்சம் கத்தோலிக்க மேற்கு அயர்லாந்தை மட்டும் தாக்கவில்லை, அல்ஸ்டரின் லர்கன் காப்பகத்திலும் பெல்ஃபாஸ்டிலும் புராட்டஸ்டன்டுகளும் செத்தார்கள் என்று அது நினைவுபடுத்துகிறது. அந்தச் சாவுகளைத் தம் சமூகத்தின் கதைக்குள் யூனியனிஸ்டுகளும் நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. பஞ்சம் ‘அவர்களுடைய’ விஷயமாகவே இருந்தது.

பஞ்ச நிவாரணத்தின் பொறுப்பில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்திருந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். அயர்லாந்தில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அதே ட்ரெவெல்யன்தான் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். இங்கே அவர் இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர். கல்கத்தா அரசின் புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்து, அதனாலேயே 1860-இல் திரும்ப அழைக்கப்பட்டவர். சென்னையில் அவருக்கு நல்ல பெயர். இங்கே செய்ததை வைத்து அங்கே செய்ததை மன்னிக்க முடியாது. இரண்டையும் எழுதிவைக்க வேண்டும்.

ஐரிஷ் பெருமைக்குள் சங்கடமாக வந்து உட்காரும் இன்னொரு விஷயமும் இந்தியாவோடு சேர்ந்தது. பேரரசால் நசுக்கப்பட்டவர்கள் ஐரிஷ்காரர்கள். அந்தப் பேரரசை நடத்தியவர்களிலும் ஐரிஷ்காரர்கள் நிறைய. 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து, சுட்ட ஜெனரல் டயரை ஆதரித்த மைக்கேல் ஓட்வையர், டிப்பரரியின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்த ஆண்டு, 1920 ஜூனில், அதே பஞ்சாபின் ஜலந்தரில் கனாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவின் சிப்பாய்கள், அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியங்களைக் கண்டித்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அந்தக் கலகம் சோலனில் இருந்த அதே படைப்பிரிவினருக்கும் பரவியபோது அங்கே முன்னின்ற ஜேம்ஸ் டேலி என்ற சிப்பாயை அந்த நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு பேருமே ஐரிஷ்காரர்கள். டேலியைப் பற்றி மட்டும் பேசி ஓட்வையரை ஆங்கிலேயர் கணக்கில் எழுதிவிடுவது வசதியானது. வசதியான வரலாற்றின் மேல் கட்டிய பெருமை, யாராவது ஒரு கேள்வி கேட்டால் கோபப்பட ஆரம்பித்துவிடும்.

நேர்மாறான ஆச்சரியங்களும் உண்டு. 1798 கிளர்ச்சியை நடத்திய ஐக்கிய ஐரிஷ்காரர்கள் சங்கம் 1791-இல் தொடங்கியது பெல்ஃபாஸ்டில், அதில் முன்னின்றவர்கள் பிரெஸ்பிடீரியன் புராட்டஸ்டன்டுகள். ஐரிஷ் குடியரசுக் கொள்கையின் தந்தையாகப் போற்றப்படும் வுல்ஃப் டோனும் புராட்டஸ்டன்ட்தான். பாய்ன் போரில் வில்லியமின் பக்கம் இருந்த ஐரோப்பியக் கூட்டணியில் கத்தோலிக்க ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் இருந்தன. ஜேம்ஸுக்குத் துணை நின்ற பிரெஞ்சு மன்னரோடு அன்றைய போப்பாண்டவர்களுக்கும் பெரும் மனக்கசப்பு. சுவர்களில் வெள்ளைக் குதிரைமேல் வில்லியமை வரைபவர்களுக்கும், போப்புக்கு எதிரான போராக அதைச் சொல்பவர்களுக்கும் இது நெருடலான செய்தி.

இதையெல்லாம் படிப்பது ஒரு பக்கம். பொது இடத்தில் நடைமுறையில் எப்படி இருக்கும்? க்ரோக் பார்க்கைச் சொல்ல வேண்டும். ஐரிஷ் மரபு விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் டப்ளின் மைதானம் அது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1920-இல், நவம்பர் 21 காலையில், ஐரிஷ் போராளித் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் நகரில் பிரிட்டிஷ் உளவுத்துறையினர் என்று குறித்துவைத்திருந்தவர்களைத் தேடித்தேடிச் சுட்டார்கள். பிற்பகலில் டப்ளின், டிப்பரரி அணிகளின் கேலிக் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்த க்ரோக் பார்க்குக்குள் பிரிட்டிஷ் தரப்புப் படை புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டது. 14 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன். மைதானத்தின் ஓர் அரங்குக்கு அவர் பெயர்தான். பிரிட்டிஷ் விளையாட்டுகளுக்கு அந்த மைதானத்தில் இடமில்லை என்ற விதி பல்லாண்டு இருந்தது. 2005-இல் அதைத் தளர்த்தினார்கள். 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி அங்கே ஆட வந்தது. ஆட்டத்துக்கு முன் பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும். ஹோகன் பெயர் தாங்கிய அரங்கின் முன்னால். கூச்சல் எழும், அவமதிப்பு நடக்கும் என்று நாடே கவலைப்பட்டது. எண்பதாயிரம் பேர் எழுந்து நின்று மரியாதையோடு கேட்டார்கள். அப்புறம் அயர்லாந்து 43-13 என்று இங்கிலாந்தைத் துவைத்து எடுத்தது. 1920-ஐ யாரும் மறந்துவிடவில்லை, மறக்கவும் சொல்லவில்லை. அந்த அயர்லாந்து அணியும் தீவு முழுமைக்கும் ஒன்று. வடக்கின் யூனியனிஸ்ட் வீரர்களும் அதே பச்சைச் சட்டையில்தான் ஆடுகிறார்கள்.

எல்லா முயற்சியும் இப்படிக் கூடி வரவில்லை. 2016-இல் எழுச்சியின் நூற்றாண்டை ஒட்டி கிளாஸ்நெவினில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்த வாரம் இறந்த கிளர்ச்சியாளர்கள், பொதுமக்கள், பிரிட்டிஷ் சிப்பாய்கள் எல்லாருடைய பெயரும் வேறுபாடில்லாமல் வரிசையாக. 2017-இல் அதில் பெயிண்ட் ஊற்றினார்கள், 2020-இல் சுத்தியலால் உடைத்தார்கள். கடைசியில் நிர்வாகம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 2020 ஜனவரியில் பழைய பிரிட்டிஷ் ஆட்சிக்காலக் காவல்துறையினரை நினைவுகூர டப்ளின் கோட்டையில் அரசு ஏற்பாடு செய்த நிகழ்ச்சியும் கடும் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. அந்தக் காவலர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் என்பது உண்மை. அதே படையில்தான் பிற்பாடு, பெரும்பாலும் பிரிட்டனில் திரட்டப்பட்ட ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ என்ற அட்டூழியக்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. என் பார்வையில், எல்லாரையும் நினைப்பது வேறு, எல்லாரையும் ஒரே கல்லில் ஒன்றாகக் கௌரவிப்பது வேறு. சுவரை உடைத்தது தவறுதான். ஆனால் தன்னை ஒடுக்கிய படையின் சிப்பாய் பெயருக்குப் பக்கத்திலேயே தன் தாத்தாவின் பெயரைப் பார்க்க விரும்பாத ஒருவரை வெறியர் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தத் தயக்கத்துக்கும் பகிர்ந்த வரலாற்றில் இடம் வேண்டும்.

சட்டத்தில் இதற்கு அடித்தளம் போட்டது 1998 ஏப்ரல் 10-இன் புனித வெள்ளி ஒப்பந்தம். வட அயர்லாந்தில் இரு தரப்பு ஆயுதக் குழுக்களும் பிரிட்டிஷ் படையும் மோதி, 3,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த முப்பதாண்டு வன்முறைக்குப் பிறகு வந்தது. வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். வடக்கிலும் தெற்கிலும் பெரும்பான்மை விரும்பினால், வாக்கெடுப்பின் வழியே தீவு இணையலாம் என்பதும் அதில் உண்டு.

இந்தக் கடைசி விதி இப்போது வெறும் ஏட்டு விஷயமாக இல்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பின்னணி கொண்டவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி கொண்டவர்கள் 43.5 சதவீதம். அந்த மாநிலம் உருவாகி நூறாண்டில் முதல் தடவையாக எண்ணிக்கை மாறியிருக்கிறது. மதத்தை வைத்து வாக்கைக் கணிக்க முடியாது, ஆனாலும் இணைப்பு வாக்கெடுப்பு பற்றிய பேச்சு வலுத்திருக்கிறது. அப்படி ஒரு நாள் தீவு ஒன்றானால், இன்று தம்மைப் பிரிட்டிஷ் என்று கருதும் எட்டு, ஒன்பது லட்சம் பேர் டப்ளின் ஆட்சிக்குள் சிறுபான்மையாக வருவார்கள். பாய்ன் வெற்றியை அவர்கள் கொண்டாடும் ஜூலை 12 நாடு முழுவதற்கும் பொது விடுமுறை ஆகுமா? பள்ளிப் பாடநூலில் சோம் போருக்கு எத்தனை பக்கம்? இந்தக் கேள்விகளைத் தெற்கே பலர் இன்னும் நேராகப் பார்க்கவில்லை. விடுமுறை கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன், வாக்கெடுப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டும் என்றும்.